படத்துக்குக் கம்மல் போட்டவர்கள்

எங்கள் ஊர்க் கலைக்கூடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கேசரி நாற்றம். டால்டாவும் ஏலக்காயும் சேர்ந்து ஆறிப்போன கேசரி. அதற்கு அடியில் மைதாப் பசையின் புளித்த வாடை. அதற்கும் அடியில், மழைக்காலத்தில் மட்டும், பழைய பருத்திக்கொட்டையின் எண்ணெய்ச் சிக்கு. ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் டர்பன்டைன் வாசனையைப் பற்றி இன்றைக்கும் உருகிப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாண வீட்டில் இலையில் கேசரி விழுந்தால் இப்போதும் குமட்டுகிறது, பக்கத்தில் இருப்பவர் இலைக்குத் தள்ளிவிடுகிறேன்.

கோவில்பட்டி மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பருத்திக் கிட்டங்கி இருந்தது. கரிசல் காட்டிலிருந்து தாட்டுத் தாட்டாகப் பருத்தி வந்து இறங்கிய காலம் முடிந்து, கிட்டங்கி வவ்வால்களுக்குப் போன பிறகு, அதன் சொந்தக்காரர்கள் அதை ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு கமிட்டி போட்டு, சுண்ணாம்பு அடித்து, ‘பொதுக் கலைக்கூடம்’ என்று போர்டு மாட்டினார்கள். தீப்பெட்டி லேபிளும் சாமி காலண்டரும் வரைந்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவர்கள் வரைந்தது நாடு முழுக்கப் போயிற்று, சொந்த ஊரில் ஒரு சுவரில்கூட இல்லை, அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கூடம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நானும் நம்பிக் கைதட்டினேன்.

என்னைக் காப்பாளராகப் போட்டார்கள். ஆனால் ஊருக்கு நான் டீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பாடம் நடத்தியதில்லை. ஒரு பொம்பளை, கண்ணாடி போட்டு, மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவள் டீச்சராகத்தான் இருக்க முடியும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். நானும் கொஞ்ச நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கமிட்டித் தலைவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருடைய அப்பா ஆரம்பித்த ஆபீஸ். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஏலக்காய், வாய் நிறைய ‘டீச்சரம்மா’. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

லேபிள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓவியர் படத்தைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் நீட்டுவார். “கிளி ஒத்தையா நிக்கி, ரெண்டாப் போடும்” என்பார் முதலாளி. “சிங்கம் வாயத் தொறந்திருக்கு, பாக்கதுக்கு நல்லால்ல, மூடிவிடும்.” இதற்குக் கரெக்‌ஷன் என்று பேர். ஓவியர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளையைத் தடவி, சிங்கத்தின் வாயை மூடிக் கொடுத்துவிட்டு டீ குடித்துப் போவார். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. படம் என்பது காசு கொடுத்தவன் சொல்படி மாறுகிற சாமான், அவ்வளவுதான். எங்கள் கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

முதல் வருடம் ஊர் முழுக்க அலைந்து பழைய லேபிள்களைச் சேகரித்தோம். பழைய அச்சாபீஸ் பரண்களில் மூக்கை மூடிக்கொண்டு ஏறி நானே எடுத்தவை நிறைய. அவற்றைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றபோது தலைவர் சிரித்தார். “ஒட்டுகதுக்கா டீச்சரம்மா நமக்குச் சொல்லித் தரணும்?” தன் ஆபீஸிலிருந்து லேபிள் ஒட்டுகிற பெண்களை அனுப்பினார். வாளியில் மைதாப் பசையும் அனுப்பினார். அதில் மயில்துத்தம் கலந்திருக்கிறதா என்று கேட்டேன், கலக்காவிட்டால் கரப்பான் தின்றுவிடும் என்றேன். “அதெல்லாம் கலந்திருப்பாவ” என்றார். கலக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்து பலகையைத் திருப்பிப் பார்த்தால் புலிக்குத் தலை இல்லை, யானைக்கு வயிறு இல்லை, பலகை பூராவும் கரப்பான் புழுக்கை. கையில் ஒட்டிய அந்தப் புழுக்கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாதது போல் இருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் சொன்னபோது, கரப்பான் மருந்து வாங்கத் தீர்மானம் போட்டார்கள்.

சாமிப் படங்கள் இன்னொரு கதை. காலண்டருக்காக வரைந்த மூலப் படங்கள் கொஞ்சம் எங்களிடம் இருந்தன. பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, லட்சுமிக்குக் குங்குமம் வைத்து, முருகனுக்கு விபூதி பூசி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு நாள் சூடத்தைக் கொளுத்திக் காட்டி முருகனின் வேலைக் கரியாக்கிவிட்டார்கள். நான் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: ‘படங்களைத் தொடாதீர்கள். பொட்டு வைக்காதீர்கள். சூடம் கொளுத்தாதீர்கள்.’ மறுநாள் அந்தப் போர்டின் மூலையிலேயே யாரோ சந்தனம் தடவியிருந்தார்கள்.

இத்தனை கண்றாவிக்கு நடுவில் ஒரு படம் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

வாழ்நாள் முழுக்க லேபிள் வரைந்து சலித்த ஒரு வயதான ஓவியர் கொடுத்த படம் அது. ஆளுயரத் துணியில், அச்சாபீஸில் மிஞ்சின மைகளையும் என்னவோ பசையையும் கலந்து வரைந்திருந்தார். லேபிள் கொடுக்கப் போகும்போதெல்லாம் தலைவருடைய அப்பாவின் ஆபீஸ் வராந்தாவில் காத்திருக்க வைப்பார்களாம், அந்த நேரத்தில் பார்த்துப் பார்த்து வரைந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறார்கள், அதாவது மருந்து முக்குவதற்கு முன்னால் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுகிறார்கள். முன்னால் இருப்பவள் ஒரு காலை மடித்து ஒரு காலை நம்மைப் பார்த்து நீட்டியிருக்கிறாள். குதிகால் வெடித்து, வெடிப்பில் கரிசல் மண் ஏறியிருக்கிறது. காலின் பெருவிரல் மேல் அடுத்த விரல் ஏறிக் கிடக்கிறது. கறுத்த, ஒட்டின முகம். கண் வேலையில் இருக்கிறது, நம்மைச் சட்டை செய்யவில்லை. காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க, மருந்து முக்காத வெறுங்குச்சியை ஒடித்துக் காதில் செருகியிருக்கிறாள்.

என்னிடம் ஒப்படைக்கும்போது அந்தப் பெரியவர் சொன்னார், “டீச்சர், இது ஒண்ணுதான் யாரும் கரெக்‌ஷன் சொல்லாத படம்.” அந்த வருடமே அவர் இறந்துபோனார்.

பிறகு ஒரு மந்திரி கூடத்தைப் பார்க்க வந்தார். மந்திரி வந்தால் நாற்காலி நிறைந்திருக்க வேண்டும், ஆகவே ஆபீஸ்களிலிருந்து வேன் வைத்துப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆளுக்கொரு காகிதத்தில் கேசரி. மந்திரி வருகிற வரைக்கும் அவர்கள் தின்றுவிட்டுக் கையைச் சுவரில் துடைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருத்தி மட்டும் கேசரியைத் தொடாமல் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கை படத்துக்குப் பக்கத்தில் போனது.

“தொடாதம்மா” என்றேன், அதட்டலாகத்தான்.

“தொடலக்கா.” திரும்பாமலே சொன்னாள். “இவ எங்கம்ம.”

நான் நம்பவில்லை. எல்லாருக்கும் யாரோ ஒருத்தி யாரோ மாதிரித் தெரிவாள். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலை நீட்டினாள். பெருவிரல் மேல் அடுத்த விரல் ஏறிக் கிடந்தது.

“அப்பாவுக்கு மேலுக்கு முடியாமப் போனப்ப கம்மலக் கொண்டு போயி அடகு வச்சா. திருப்பவே முடியல. சாவுற வரைக்கும் குச்சிதான். நான் சின்னப் பிள்ளையில அந்தக் குச்சியப் புடிச்சு இழுத்து அடி வாங்கியிருக்கேன்” என்றாள். அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். ஓட்டுக் கார்டுக்குப் படம் எடுக்கிறவர்கள் ஊருக்குள் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டாள். அவள் முகம் பதிந்த தாள் ஒன்றுகூடக் கிடையாது.

“மொகம் எனக்கு மறந்துகிட்டே போச்சுக்கா. கனவுல வந்தாலும் மொகம் இல்லாமத்தான் வருவா. இப்பத்தான் பாக்கேன்.”

மந்திரி வந்தார், கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். கண் மட்டும் படத்தில் இருந்தது.

கழுகுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அதன்பிறகு கோவில்பட்டிக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் கூடத்துக்கு வந்துவிடுவாள். சில நாள் எனக்கு மிதுக்கங்காய் வத்தல் கொண்டுவருவாள். அம்மாவின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவாள். எனக்குத் தெரிந்து அந்தக் கூடத்துக்கு ஒரு படத்தைப் பார்ப்பதற்கென்றே திரும்பத் திரும்ப வந்தது அவள் ஒருத்திதான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து அம்மாவை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் மாட்ட வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

நான் தலைவரிடம் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கவலை. “போட்டோவா? ஃபிளாஷ் பட்டா கலரு வெளுத்துரும்லா டீச்சரம்மா. பொக்கிஷம்லா அது. நாமதான பாதுகாக்கணும்.” யாரோ வெளியூர்க்காரர் இப்படி எங்கோ சொல்லக் கேட்டிருக்கிறார். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்றேன். கமிட்டியில் வைப்போம் என்றார். கமிட்டியில் வைத்தார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். நான் விடவில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்டேன். “டீச்சருக்கு அந்தப் படத்து மேல என்னமோ ஒரு இது” என்று சிரித்தார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் கேட்டாள், கேட்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தெரிந்துகொண்டு, கேட்காமலே போன நாட்களும் உண்டு.

அதற்குள் கூடம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. ஆடித் தள்ளுபடிக்குச் சேலைக்காரர்கள் எடுத்தார்கள், ஓவியங்களுக்கு மேலேயே கயிறு கட்டி நைட்டி தொங்கவிட்டார்கள். கண் சிகிச்சை முகாம் நடந்தது, அது நல்ல காரியம், அதைக் குறை சொல்லமாட்டேன். பிறகு நன்கொடை கொடுத்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவர் தன் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து அடுத்தவர் தன் அப்பாவை, அவரைப் பார்த்து இன்னொருவர் அப்பாவையும் தாத்தாவையும். எல்லாருக்கும் சந்தன மாலை, சுற்றி சீரியல் பல்பு. வரைந்த படங்கள் ஒவ்வொன்றாகக் கக்கூஸுக்குப் போகிற நடைக்குப் போயின. அங்கே வெற்றிலை போட்டுத் துப்பினார்கள். ஒரு நீர்வண்ணப் படத்தின் வானத்தில் வெற்றிலை எச்சில் வழிந்து காய்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வாந்தி வந்தது, ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வந்தது. ஆனால் சாயங்காலம் கணக்காகப் பல்பு போட்டுத் தாத்தாக்களுக்கு வெளிச்சம் காட்டிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அம்மா படம் மட்டும் நடுச்சுவரில் இருந்தது. அதன் அருமை தெரிந்து வைத்திருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் சுவரில் ஓதம் அடித்துப் பாசி பிடித்திருந்தது. அதை மறைக்கிற அளவுக்கு வேறு பெரிய படம் எதுவும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் தலைவர் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். கூடத்தில் வைத்தார்கள். “நம்ம கூடம் இருக்கும்போது வெளிய மண்டபம் பாக்கணுமா?” என்றார். பெரிய மனது வந்து, அதே பேச்சில் எனக்கும் ஒரு வரம் கொடுத்தார். “விசேசத்துக்கு வீடியோ லைட்டெல்லாம் போடத்தான போறோம். முடிஞ்சதும் அந்தப் பொம்பளைய போட்டோ எடுத்துக்கிடச் சொல்லுங்க.” நான் சந்தோஷத்தில் கழுகுமலை பஸ்ஸில் போகிற ஒருவரிடம் அவளுக்குச் சொல்லியனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு என்று. பந்தல்காரர்கள் வருவார்கள், லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொன்னதால் பசுவந்தனையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மறுபடியும் கேசரி. மிதிபட்ட ரோஜா, ஈ மொய்க்கும் இலைக்கட்டு. நடுச்சுவரைப் பார்த்தேன்.

அவள் வெளுத்திருந்தாள். முகத்துக்கு ரோஸ் நிறம் அடித்திருந்தார்கள், கன்னத்தில் சிவப்பு. கண்ணைப் பெரிதாக்கி, மை தீட்டி, நம்மைப் பார்க்க வைத்திருந்தார்கள். நெற்றியில் வட்டப் பொட்டு, தலை நிறைய மல்லிகை, மெரூன் பட்டுச் சேலை, அதில் தங்கக் கரை. கையில் இருந்த குச்சிகளின் மேல் வெள்ளைப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் வைத்துப் பூ கட்டுவதாக மாற்றியிருந்தார்கள். காதில் ஏழுகல் கம்மல், ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து மின்ன வைத்திருந்தார்கள். எல்லாம் எனாமல் பெயிண்ட், இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்.

 நேராகத் தலைவரின் ஆபீஸுக்குப் போனேன்.

அவர் ஏலக்காய் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“நல்ல காரியம் நடக்குற எடத்துல, பொண்ணு மாப்பிள்ளைக்கு நேர் பின்னால, ஒருத்தி காதுல குச்சியச் சொருகிக்கிட்டு மூளியா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? வீடியோவுல விழுமுல்லா. எடுத்துரலாம்னா பின்னால பாசி. அதான் ஒரு சின்னக் கரெக்‌ஷன்” என்றார்.

“அவ உங்க அப்பா ஆபீஸ்ல கட்டை அடுக்குனவ அண்ணாச்சி. அவ மக ஞாயித்துக்கிழமை போட்டோ எடுக்க வாரா.”

நீட்டின ஏலக்காயைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “அப்படியா? பாருங்க, உசுரோட இருக்கையில அவளுக்குக் கெடைக்கல, நம்ம கையால கம்மல் போட்டு விட்டிருக்கோம். புண்ணியம்லா டீச்சரம்மா. அந்தப் பிள்ள பாத்தா சந்தோசப்படுவா.”

மனதாரச் சொன்னார். எனக்கு அவர் மேஜையில் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பியிருக்கலாம், வாய் உலர்ந்துபோயிருந்தது.

கரெக்‌ஷன் செய்த பெயிண்டரைத் தேடிப் போனேன். சினிமா பேனர் வரைந்தவர், ஃபிளெக்ஸ் வந்ததும் பிழைப்புப் போனவர், கிடைத்த வேலையைச் செய்கிறவர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனாமலைக் கழுவி எடுக்க முடியுமா என்று கேட்டேன். “முடியாதுங்க. அடியில உள்ளது வெறும் பசைக் கலரு. நான் பிரஷ் வைக்கும்போதே கரைஞ்சு கூட வந்துச்சு” என்றார். ஆனாலும் கூடத்துக்குத் திரும்பிப் போய், சேலைக் கரையின் ஒரு மூலையில் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு வைத்துப் பார்த்தேன். பஞ்சில் மெரூனும் வந்தது, அதற்கு அடியில் இருந்த பழைய சேலையின் அழுக்கு வெள்ளையும் வந்தது. வெறும் துணி தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பின்னால் பெட்டியும் ஸ்டாண்டுமாக ஸ்டூடியோக்காரர். வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று நான் காத்திருந்தேன். எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன், சொன்னேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

நின்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“இதுக்கு அடியில அவ இருக்காளாக்கா?”

“இல்லம்மா. கரைஞ்சு போச்சு.”

தலையை ஆட்டினாள். “ஒருவாட்டி மண்ணப் போட்டு மூடுனோம். இப்பப் பெயிண்டப் போட்டு மூடியாச்சு.” பிறகு கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் சம்பாதிச்சு வாங்கிப் போடணும்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டா. இவியளுக்கு ஒரு டப்பா பெயிண்டுல முடிஞ்சிருச்சு.”

ஸ்டூடியோக்காரர் சங்கடமாக நின்றுகொண்டிருந்தார். “எடுக்கட்டுமாம்மா, இல்ல போவமா?”

அவள் குனிந்தாள். படத்தின் கீழ்ப்பகுதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே யாரும் கை வைக்கவில்லை. நிச்சயதார்த்த சோபா அந்த இடத்தை மறைத்துவிடும், வீடியோவில் விழாது, அங்கே பெயிண்டை வீணாக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். நீட்டின காலும், வெடித்த குதிகாலும், வெடிப்பில் கரிசலும், ஏறிக் கிடந்த விரலும் அந்தப் பெரியவர் வரைந்தபடியே இருந்தன.

“காலை மட்டும் எடுங்க” என்றாள். “அந்தச் சரிகை விழாம எடுங்க.”

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். எடுங்கள் என்றேன். ஃபிளாஷ் போடட்டுமா என்று கேட்டார். நல்லாப் போடுங்க என்றேன்.

அந்த வருடக் கடைசியில் தலைவருக்கு இன்னொரு யோசனை வந்தது. படம் வீடியோவில் அம்சமாக விழுந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்களாம். அதையே தன் கம்பெனி காலண்டருக்கு அட்டைப் படமாகப் போட்டார். கீழே ‘பொதுக் கலைக்கூடத்தின் பொக்கிஷம்’ என்று ஒரு வரி. டீக்கடை, சலூன், மருந்துக்கடை, மெக்கானிக் ஷாப் என்று ஊரில் எங்கே திரும்பினாலும் அவள் கம்மல் போட்டுக்கொண்டு பூக்கட்டினாள். நான் பஸ் ஏறி எப்போதும்வென்றான் ஊருக்குத் துட்டி கேட்கப் போனால் அந்தச் சாவு வீட்டிலும் நடுச்சுவரில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை விட்டேன். ராஜினாமாவில் காரணம் எழுதவில்லை, அவர்களுக்குப் புரிகிற காரணம் என்னிடம் இல்லை. எனக்கும் ஒரு சால்வை போட்டு அனுப்பினார்கள், கேசரியும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் கழுகுமலை போனபோது அவள் ஊருக்குப் போய் வீட்டை விசாரித்துப் போனேன். ஒற்றை அறை, மூலையில் ஒட்டி முடித்த பெட்டிகள் குவிந்திருந்தன. அவள் வேலை பார்க்கிற ஆபீஸிலும் அந்தக் காலண்டரைத்தான் கொடுத்திருந்தார்கள். அட்டையின் மேல்பாதியை அரிவாள்மணையில் வைத்து அறுத்து எடுத்துவிட்டு, தேதித் தாள் இருந்த கீழ்ப்பாதியை மட்டும் ஆணியில் மாட்டியிருந்தாள்.

“நாளு கெழமை பாக்கணும்லாக்கா” என்றாள்.

எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் கால். பெருவிரலுக்கு நேராகக் கண்ணாடியில் குங்குமம் வைத்து, மேலே கதம்பம் சூட்டியிருந்தாள். படத்துக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று ஊருக்கே போர்டு எழுதி மாட்டியவள் நான். அவள் குங்குமச் செப்பை என் பக்கம் நீட்டினாள்.

“நீங்களும் வையுங்கக்கா. இனி அவ மொகம் தெரிஞ்சது நீங்களும் நானும்தான. எனக்கு இப்பவே கொஞ்சம் மறக்கு. உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், நீங்க தெனமும் பாத்தவிய.”

இருக்கிறது என்றேன். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். கறுத்த முகம், ஒட்டின கன்னம், வேலையில் இருக்கிற கண் என்று சொல் சொல்லாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ரோஸ் நிறத்தில், ஏழு கல்லும் மின்ன, என்னைப் பார்த்துக்கொண்டு அந்தக் காலண்டர்க்காரிதான் வந்தாள். மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் அவளே வந்தாள்.

மகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, காலைப் பார்த்துப் பொட்டு வைத்தேன்.